வன்னியில் காணி வாங்கவும் கட்டிடம் வாடகைக்கு விடவும் வருகிறவருக்கு

“உறுதியோ, பெமிற்றோ?”

வன்னியில் காணிப் பேச்சை எடுத்தால் ஊர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. விலை, தண்ணீர், கறன்ற் எல்லாம் அதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே விளங்காது. அவர்கள் ஊரில் காணி என்றால் நொத்தாரிசு எழுதிய உறுதி இருக்கும். இங்கே குளங்களைச் சுற்றிக் காடு வெட்டிக் குடியேற்றிய இடங்கள்தான் அதிகம். அந்தக் காணிகளை அரசு கொடுத்தது நிபந்தனையோடு, பெமிற் என்ற அனுமதிப்பத்திரத்தில். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் உறுதி, அந்தப் பக்கம் பெமிற், பின்னால் வன இலாகாவின் எல்லைக்கல் என்று நிற்கும். மூன்றுக்கும் மூன்று சட்டம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் இரண்டு கடை அறைகளும் ஒரு வீடும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். சட்டத்தரணி இல்லை. பிழை விட்டுப் பழகியவன். வெளியிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால், செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை: கடதாசியை வாங்கி வாசியுங்கள்

தரகர் “கிளியர் காணி” என்பார். அதை விட்டுவிட்டு, கடதாசியின் போட்டோக் கொப்பியைக் கேளுங்கள். தர மறுத்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

நொத்தாரிசு எழுதிய உறுதி என்றால் அது தனியார் காணி. முள்ளியவளை, தண்ணீரூற்று, பூநகரி, மன்னார்த் தீவு போன்ற பழைய ஊர்களில் இப்படிக் காணி கூடுதலாக அகப்படும். விலையும் அதற்கேற்ற மாதிரித்தான்.

வட்டக்கச்சி, இராமநாதபுரம், அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று குடியேற்றத் திட்ட ஊர்களுக்குப் போனால் கையில் வருவது வேறு கடதாசி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. முதலில் அனுமதிப்பத்திரம். ஊரில் பெமிற் என்பது அதைத்தான். காணியைத் திருத்திக் குடியிருந்து நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிறகு அளிப்புப் பத்திரம். ஜயபூமி, சுவர்ணபூமி, ரன்பூமி என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயரில் அளிப்பு வந்தது. 2024 இல் உறுமய என்ற பெயரில் முழு உரிமைப் பத்திரம் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. பத்திரத்தின் மேலே உள்ள அழகான பெயரையும் சின்னத்தையும் பார்க்காதீர்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் கொடுத்தது என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அதைத் தேடுங்கள்.

அந்தச் சட்டம் சொல்வது சுருக்கமாக இது. பெமிற் நிலையில் விற்பனை என்ற பேச்சே இல்லை. அளிப்பு வந்த பிறகும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் விற்றால், நன்கொடை எழுதினால், குத்தகைக்குக் கொடுத்தால், அந்தக் கைமாற்றம் செல்லாது. “முன்” என்ற சொல்லைக் கவனியுங்கள். எழுதிவிட்டுப் பிறகு அனுமதி கேட்பது சரிவராது. எவ்வளவு சிறிய துண்டுவரை பிரிக்கலாம் என்பதும் அளிப்பிலேயே எழுதியிருக்கும். இரண்டு ஏக்கர் அளிப்பிலிருந்து வீதியோரம் நாலு பரப்பை மட்டும் வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். (வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு: ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். வன்னியில் ஏக்கரில்தான் கூடுதலாகப் பேசுவார்கள்.)

எனக்கு விழுந்த அடி இந்த இடத்தில்தான். 2012 இல் குளக்கட்டுக்குக் கிட்ட அரை ஏக்கர். அளிப்புப் பத்திரம் அசலாகவே இருந்தது, முத்திரை எல்லாம் சரி. விற்க வந்தவர் பத்திரக்காரரின் மனைவி, வயதான அம்மா. பத்திரக்காரர் இறந்து எட்டு வருடம். நான் ஐந்து இலட்சம் அட்வான்ஸ் கொடுத்து, சமாதான நீதவான் ஒருவருக்கு முன் வெள்ளைக் கடதாசியில் எழுதி வாங்கிவிட்டேன். பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தில் சொன்னார்: “தம்பி, அம்மாவுக்குச் சீவிய உரித்து மட்டும்தான்.” இந்தச் சட்டத்தின்படி பத்திரக்காரர் இறந்தால் துணைவர் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. காணி போய்ச் சேர்வது பத்திரக்காரர் நியமித்த பின்னுரித்தாளருக்கு. அந்தப் பின்னுரித்தாளர் மகன், போரில் காணாமற்போனவர். அம்மா என்னை ஏமாற்றவில்லை, அவருக்கே தெரியாது. அட்வான்ஸ் மூன்று வருடமாகத் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. வட்டி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே அளிப்புக் காணி என்றால் விலை பேசுவதற்கு முன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், பத்திரக்காரர் உயிரோடு இருக்கிறாரா, பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறது, நிபந்தனை மீறல் கடிதம் ஏதும் கோப்பில் இருக்கிறதா என்று விற்பவரையும் கூட்டிக்கொண்டு கேளுங்கள். பின்னுரித்தாளர் நியமனம் இல்லாத காணிகளில் முன்பு மூத்த மகனுக்கு முன்னுரிமை இருந்தது. பெண் பிள்ளைகளைப் பின்தள்ளிய அந்த ஒழுங்கு 2022 திருத்தத்தோடு மாறியது. ஆனால் அதற்கு முன் நடந்த இறப்புகளின் கோப்புகள் இன்னும் கந்தோர்களில் கிடக்கின்றன. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் கையெழுத்து வைத்தாலும் சட்டப்படி ஒருவருக்குத்தான் போகும் காணியும் இருக்கிறது.

மூன்றாவது வகை, 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நீண்டகாலக் குத்தகை. நகரங்களில் கடை, ஆலை, ஹோட்டல் போட்டிருக்கும் பல இடங்கள் இப்படி. வழமையாக 30 வருடம். குத்தகையைக் கைமாற்றவும் அரசின் அனுமதி வேண்டும். மிச்ச வருடங்கள் எத்தனை, குத்தகைப் பணம் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் போதும், பாதி உண்மை வந்துவிடும்.

நாலாவது, கடதாசியே இல்லாத அடாத்துக் காணி. “இருபது வருடமாக இருக்கிறோம்” என்பார்கள், உண்மையாகவே இருந்திருப்பார்கள். ஆனால் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசு வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுத்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு கொடுத்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது வேறு எழுத்து அதிகாரம். தென்னை வைத்தேன், கிணறு வெட்டினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. போரில் பெமிற்றைத் தொலைத்தவர்கள் வேறு விஷயம். அவர்களுக்காக 2013/01 என்ற காணிச் சுற்றறிக்கை வந்தது, அதன் கீழ் பலருக்குப் புதிய பத்திரம் கிடைத்தது. விற்பவர் அப்படி விண்ணப்பித்தவர் என்றால், பத்திரம் அவர் கையில் வரும்வரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் இயக்க நிர்வாகம் எழுதிக் கொடுத்த கடதாசிகளும் சில வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. இன்றைய காணிக் கந்தோரில் அவற்றை உரித்துப் பத்திரமாக எடுக்கமாட்டார்கள்.

இரண்டாவது: தோம்பு

உறுதிக்காணி என்றால் அடுத்த வேலை காணிப் பதிவகத்தில். ஊர் வழக்கில் தோம்பு பார்ப்பது, அதாவது அங்குள்ள பதிவேட்டைப் பார்ப்பது. நீங்களே போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒரு சட்டத்தரணியையோ அவருடைய எழுதுவினைஞரையோ கூட்டிப் போவது நல்லது. அந்தக் கையெழுத்துகளை வாசிக்கப் பழக்கம் வேண்டும். குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், வங்கிகளும் அவ்வளவுதான் கேட்கும். ஈடு பதிந்திருக்கிறதா, வழக்கு நடப்பதாகப் பதிவு இருக்கிறதா, பங்கு பங்காகப் பிரிந்து போயிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும்.

“உறுதி 2009 இல் எரிந்துவிட்டது” என்பது இங்கே பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இரண்டு முறை இடம்பெயர்ந்தாலே பெட்டி தொலையும். நாங்கள் எத்தனை முறை ஓடினோம் என்று எங்களுக்கே கணக்கில்லை. நொத்தாரிசு உறுதி எழுதினால் அசல் ஒன்று காணிக்காரரிடம் போகும், மூலப்பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். அசல் எரிந்திருந்தால் பதிவகத்தில் உள்ள பிரதியிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அங்கேயும் ஏடு கிழிந்திருந்தால் அந்த நொத்தாரிசை, அவர் இல்லாவிட்டால் அவருடைய ஏடுகள் யாரிடம் போனது என்பதைத் தேட வேண்டும். இது வாரக்கணக்கான வேலை. அதற்குப் பொறுமை இல்லையென்றால் அந்தக் காணியை விடுங்கள்.

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்குத்தான் முன்னுரிமை. முதலில் எழுதியவர் பதியாமல் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தால் அவர் கதை அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் காணி மேல் பதிவகத்தில் எச்சரிக்கைப் பதிவு ஒன்று போட்டுவைக்கலாம். யாராவது கள்ள உறுதி கொண்டுவந்து பதியப் போனால் அறிவித்தல் வரும்.

பதிவில்லாமல் கிடக்கும் காணிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானி ஒன்று வந்தது. 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் மொத்தம் 5,900 ஏக்கருக்கு மேல் குறிப்பிட்டு, உரித்து இருக்கிறவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து சொல்லச் சொன்னது. சொல்லாத காணி அரச காணியாகிவிடும். எதிர்ப்பு எழும்பி, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, அரசும் அதைத் திரும்ப எடுத்தது. அந்த மூன்று மாதமும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த தொலைபேசி அழைப்புகளைக் கேட்டிருந்தால் தோம்பின் அருமை விளங்கியிருக்கும்.

விற்பவர் யார்?

வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்தது, 1806 இல் ஆங்கிலேயர் சட்டமாக்கியது. கல்யாணத்துக்கும் சொத்துக்கும் இன்றும் இது ஓடுகிறது. கொழும்பில் பழகிய சட்டத்தரணிகள் சிலர் இதை மறந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

கட்டிய பெண் தன் பெயரில் இருக்கும் காணியை, அது சீதனமாக இருந்தாலும், கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சரியோ பிழையோ என்று விவாதிக்கலாம், நானும் பிழை என்றுதான் சொல்வேன். ஆனால் உறுதியில் கணவன் கையெழுத்து இல்லாவிட்டால் நாளைக்கு அது உங்கள் தலையில் விழும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட, விட்டுப்போன பெண்கள் வன்னியில் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி எடுக்கலாம். காணாமற்போனமைக்கான சான்றிதழ் இருந்தால் அங்கே உதவும். அந்த உத்தரவு வரும்வரை வாங்குபவர் காத்திருக்க வேண்டும், அந்தப் பெண்ணை அவசரப்படுத்தக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது தேடியதேட்டம். ஒருவர் இறந்தால் பாதி மற்றவருக்கு, மறு பாதி இறந்தவரின் உரித்தாளருக்கு. ஆகவே தனியே மிஞ்சியிருப்பவர் முழுக் காணியையும் எழுதித்தர முடியாது. பிள்ளைகளும் கையெழுத்து வைக்க வேண்டும்.

பிறகு முற்கொள்வனவு உரிமை. பங்குக் காணி என்றால் பங்காளிக்கும், விற்பவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் யாருக்குப் போகுமோ அவர்களுக்கும், வெளியாருக்கு விற்க முன் வாங்கக் கேட்கும் உரிமை உண்டு. நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுத்து மூன்று வாரம் விட வேண்டும். இதைச் செய்யாமல் வாங்கினால், “எனக்குச் சொல்லவில்லை” என்று ஒன்றுவிட்ட தம்பி வழக்கோடு வருவார். ஒரு தொகை கொடுத்துச் சமாளித்தவர்களை எனக்குத் தெரியும். அறிவித்தல் செலவு அதைவிடக் குறைவு.

தேசவழமை எல்லோருக்கும் பொருந்தாது. முஸ்லிம் சொந்தக்காரர்களுக்கு அவர்களுடைய சட்டம். மலையகத்திலிருந்து கலவரக் காலங்களில் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு, வடக்கில் நிரந்தரமாக வேரூன்றிவிட்டார்களா என்பதைப் பொறுத்துக் கேள்வி எழும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்படிக் குடும்பங்கள் நிறைய. ஆகவே விற்பவரின் பூர்வீகத்தைச் சட்டத்தரணி கேட்டால் கோபிக்க வேண்டாம், அவர் தன் வேலையைச் செய்கிறார்.

வாங்குபவர் யார்?

இது புலம்பெயர்ந்தவர்களுக்கு. வேற்று நாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் இங்கே காணி வாங்க முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது, எழுதினாலும் செல்லாது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் வாங்கலாம். உரித்தாக வருவதற்கும் தடையில்லை. நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கு விலக்கு உண்டு. வன்னியில் அவ்வளவு உயரத்தில் வீடு வேண்டுமென்றால் மரத்தில்தான் ஏற வேண்டும். குத்தகைக்கு எடுக்க வழி இருக்கிறது, 99 வருடம் வரை.

“மச்சானின் பெயரில் எழுதுவோம்” என்பது இங்கே பழைய வைத்தியம். மச்சான் பெயரில் எழுதினால் அது மச்சானின் காணி. மச்சானுக்கு மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். அற்றோணிப் பவர் கொடுத்து ஆளை வைப்பது வேறு விஷயம். அதைப் பதிந்து கொடுங்கள், என்னென்ன அதிகாரம் என்று எண்ணி எழுதுங்கள். வாடகை அறவிடவும் வரி கட்டவும் கொடுக்கும் அதிகாரத்தோடு விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

வெற்றுக் காணியில் காவலுக்கு ஆள் வைப்பவர்கள், அவர் அனுமதியோடுதான் இருக்கிறார் என்று ஒரு கடதாசி எழுதி வையுங்கள். 10 வருடம் எதிராட்சியாக, அதாவது சொந்தக்காரரை ஏற்காமல் தன் காணி போலவே ஆண்டு, இருந்ததாகக் காட்டினால் தனியார் காணிக்கு உரித்துக் கோரச் சட்டம் இடம் கொடுக்கிறது. போரால் வரமுடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட இடம் கொடுத்து, வழக்குப் போட இரண்டு வருடம் தந்தது. 2009 க்குப் பிறகும் வந்து பார்க்காதவர்களுக்கு அது கைகொடுக்காது.

காணியைக் காலால் அளந்து பாருங்கள்

அனுமதி பெற்ற சேவையரை வைத்து அளந்து, உறுதியின் நாலு எல்லையோடு ஒத்துப் பாருங்கள். போகும்போது கிராம அலுவலரையும் பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிடுங்கள். ஊர்ச் சண்டை ஏதும் இருந்தால் வேலியோரத்திலேயே வெளிவந்துவிடும்.

காட்டோரம் என்றால் வன இலாகாவின் கல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முப்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த வயலும் தோட்டமும் பற்றையாகி, பிறகு காடாகக் கணக்கிடப்பட்ட இடங்கள் பல. சுண்டிக்குளம், மடுவீதிப் பக்கங்களில் தேசிய பூங்கா எல்லைகளும் உண்டு. கடலோரம் என்றால் உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டிடம் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பளை, முகமாலைப் பக்கம் பற்றைக் காணி என்றால் கண்ணிவெடி அகற்றிக் கையளித்த கடதாசியைக் கேளுங்கள். படையினர் இருந்த இடங்களில் 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல் ஏதும் ஒட்டியதா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வயல் வாங்குகிறவர் கமநல சேவை நிலையத்துக்கும் போக வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நினைத்தபடி நிரப்பி வீடு கட்ட முடியாது, அனுமதி வேண்டும். வயலில் பதிவான குத்தகைப் பயிர்ச்செய்கையாளர் இருந்தால், நீங்கள் வாங்கிய அன்றே அவரை எழுப்பவும் முடியாது. இரணைமடுவின் கீழ் சிறுபோகத்தில் எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம்தான் தீர்மானிக்கும். குளத்துத் தண்ணீரின் அளவைப் பார்த்துப் பங்கு வரும். “வருடம் இரண்டு போகம்” என்று கணக்குப் போட்டு விலை கொடுத்தவர்கள் பிறகு தலையில் கை வைத்தார்கள். காணியில் உள்ள கிரவலை விற்றுப் போட்ட காசை எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: உங்கள் காணி என்றாலும் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பனை தறிக்கவும் அனுமதி வேண்டும்.

எழுதும் நாள்

காணி விற்பனை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். 1840 ஆம் ஆண்டிலிருந்து இதுதான் சட்டம். வெள்ளைக் கடதாசி, பாஸ் புத்தகத்தின் பின்பக்கம், கோயில் சத்தியம் எதுவும் உரித்தை மாற்றாது.

முத்திரை வரி மாகாணத்துக்குரியது. முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 30 இலட்சம் பெறுமதி என்றால் 3,000 உம் 1,16,000 உம் சேர்த்து 1,19,000 ரூபா. பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவர் கேட்பார். சந்தைப் பெறுமதியைத் திணைக்களம் தானே மதிப்பிட்டு மிச்ச வரியைக் கேட்கலாம். தவிர, நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்த காசுக்கு உறுதியில் உள்ள தொகைதான் சாட்சி.

உறுதி பதிவாகி வந்ததா என்று நீங்களே பின்தொடருங்கள். நொத்தாரிசு செய்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

பிரதேச சபை

கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுக்குள். உங்கள் காணி எந்தச் சபைக்குள் என்று தெரிந்துகொண்டு, உறுதியின் பிரதியைக் கொடுத்து ஆதனவரி இடாப்பில் பெயரை மாற்றுங்கள். ஆதனவரிச் சிட்டை உரித்துக்குச் சான்றாகாது, ஆனால் அது இல்லாமல் மற்ற வேலைகள் நகராது. வருட வரியை ஜனவரி 31 க்கு முன் முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு.

கட்ட முன் வரைபட அனுமதி, கட்டி முடித்தபின், அனுமதித்தபடியே கட்டியது என்ற அமைவுச் சான்றிதழ். இரண்டாவதைப் பலர் எடுப்பதில்லை. வங்கி ஒன்று உங்கள் கட்டிடத்தை வாடகைக்குக் கேட்டு வரும்போதுதான் அதன் பெறுமதி தெரியும். ஏ9 வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டிட எல்லையைக் கேட்காமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். வங்கிக் கடனுக்கு வீதி எல்லைச் சான்றிதழும், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் சபையிலிருந்து எடுக்க வேண்டும். கடை அறைக்கு வருகிறவர் எடுக்கும் வியாபார அனுமதி ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியது. அதை யார் எடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வாடகைக்கு விடும்போது

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அதுவும் நொத்தாரிசு முன் எழுத வேண்டியதுதான். இங்கே பெரும்பாலும் இரண்டு பக்கக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டுத் திறப்பைக் கொடுக்கிறார்கள். ஆள் நல்லவர் என்றால் ஓடும். ஓடாத நாளில் நீங்கள் மாதவாடகைக்காரரை எழுப்ப வருடக்கணக்கில் அலைவீர்கள்.

1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுத்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கவும் தடை. ஆனால் 1980 க்குப் பிறகு கட்டிய குடியிருப்பு வீடுகளுக்கு அது பொருந்தாது. வன்னியில் இன்று கூரையோடு நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு, பலவும் 2009 க்குப் பிறகு கட்டியவை. ஆகவே உங்களையும் வாடகைக்காரரையும் காப்பது நீங்கள் எழுதும் ஒப்பந்தம். கடைகளுக்கு நிலைமை வேறு. பழைய கட்டிடம் என்றால் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுத்தான் கீ மணி, அதாவது கடையைக் கையில் தரத் தனியாக வாங்கும் காசு, பற்றிப் பேசுங்கள்.

2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு எழுதிய குத்தகை முடிந்தும் எழும்பாதவரை மாவட்ட நீதிமன்றம் மூலம் விரைவாக எழுப்ப வழி செய்தது. நொத்தாரிசுக் காசை மிச்சம் பிடித்தவர்களுக்கு இந்த வழி இல்லை.

நீங்களாகப் பூட்டை உடைக்கவோ கறன்றை வெட்டவோ போகாதீர்கள். சண்டை பொலிசுக்குப் போனால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் வழக்கு வரும். “அறுபத்தாறு போட்டுட்டான்” என்று சந்தையில் சொல்வது இதைத்தான். அங்கே உறுதி யாரிடம் என்று பார்ப்பதில்லை, ஆட்சியில் இருந்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். கடந்த இரண்டு மாதத்துக்குள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்வார்கள்.

நான் என் ஒப்பந்தத்தில் எழுதுவது: மாத வாடகையும் கட்ட வேண்டிய திகதியும், முற்பணம் எப்போது எப்படித் திரும்பும், கறன்ற் தண்ணீர்ச் சிட்டை யார் பெயரில், திருத்த வேலை யாருடையது, விட்டுப்போக எத்தனை மாத அறிவித்தல். கிணற்றடியும் ஒரு வரியில் வரும். பின்வளவில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகினால் 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி குடியிருப்பவரும் சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் என் வெற்றுக் காணிக்கும் ஒருமுறை அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக வருமான வரி. வாடகை வருமானத்தில் திருத்த வேலைக்கென்று 25 வீதம் கழித்து மிச்சத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் வரை வரி விலக்கு இருக்கிறது, ஒரு சின்ன வீட்டு வாடகை அதற்குள் அடங்கிவிடும். வங்கியோ நிறுவனமோ மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் வாடகை தந்தால் 10 வீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதற்கான சான்றிதழை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் போடுங்கள். முதல் வருடம் நான் கேட்கவில்லை, வரிக் கணக்குக் கொடுக்கும்போது அந்த நிறுவனத்தின் கந்தோருக்கு ஏழு தடவை நடந்தேன்.